வக்கனாய்க்கு வடக்கே

என் மகளுக்கு,

தெற்குக் கோடி ககோஷிமாவிலிருந்து கிளம்பி இன்றோடு நாற்பத்தொரு நாள். உன் அப்பாவின் ஓட்டை வேனில் படுத்துப் படுத்து என் முதுகே போய்விட்டது. வழியில் ஒரு சாலையோர நிலையத்தையும் அவர் விடுவதில்லை. இறங்கி, அங்கே வைத்திருக்கும் அந்த ஊர் முத்திரையைத் தன் பயணப் புத்தகத்தில் குத்தி, உனக்கென்று ஒரு பெட்டி பலகாரமும் வாங்கியாக வேண்டும். பாதிப் பெட்டிகள் கெட்டுவிட்டன. தூக்கிப்போடவும் விடமாட்டேன் என்கிறார்.

அகிதாவில் முத்திரை தலைகீழாக விழுந்துவிட்டதாம். அறுபது கிலோமீட்டர் தாண்டிய பிறகு பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு? நேரா அவ வீட்டுக்குப் போனா என்ன?"

"குத்துறத ஒழுங்கா குத்தணும்ல? நீ சும்மா வா."

உன் கல்யாணத்துக்கு வராத மனுஷனுக்கு முத்திரை மட்டும் நேராக விழ வேண்டும்!

இன்று காலை உன் ஊர் வக்கனாய்க்கு வந்துவிட்டோம். கடைசி முத்திரையும் குத்தியாயிற்று. "இன்னும் கொஞ்சம் வடக்கே போய்ப் பாக்கலாமா?" என்கிறார். இதற்கு வடக்கே கடல்தான் இருக்கிறது.

நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று இதை உன் தபால் பெட்டியில் நானே போட்டுவிட்டுப் போகிறேன். வேன் துறைமுகத்துப் பக்கம் நிற்கிறது. உள்ளே இரண்டாவது தடவையாகச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். அவராக இறங்கமாட்டார். நீயே வந்து கதவைத் தட்டு.

அம்மா