இடுப்புக்கு மேலே நிற்கும் சாமை

சின்னப்பள்ளத்தூர்,
ஜவ்வாது மலை.
2-8-1983, செவ்வாய்.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை செந்தாமரை எழுதுவது.

அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு உன் கை வெந்திருக்கிறது என்று கய்யூம் பாய் சொன்னார். தேங்காய் எண்ணெய் தடவு. கடுக்காய் மூட்டை எடுக்க வந்த பாய் நாளைக் காலை வாணியம்பாடி திரும்புகிறார். அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

நேற்று ஊர்க்கவுண்டர், தானியம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க ஊராரோடு குதிர் தட்ட வந்தார். ஆடி மாதம் வழக்கமாக வருவதுதான். இடுப்புக்கு மேலே சாமை நின்றால் பணக்கார வீடு, மேலே நிற்பதில் பாதியை இல்லாத வீட்டுக்கு அளக்க வேண்டும். போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் இந்தத் தடவை பாதி இல்லை, மேலே நிற்பது முழுவதும் என்று கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

முதலில் கோபால்சாமி மாமன் வீட்டில் தட்டினார்கள். அடியிலிருந்து வாய் வரை காலிக்குடம் மாதிரி சத்தம். அவர் அறுத்ததையெல்லாம் தை மாதமே ஒடுகத்தூர் மண்டியில் விற்றுவிட்டுக் கூரைக்கு ஷீட் போட்டார், ரேடியோ வாங்கினார். "என் குதிர்ல எலி கூட பட்டினிங்க கவுண்டரே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இல்லாத வீடு என்று அவர் பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் நம் வீடு. கவுண்டர் முழங்கால் உயரத்தில் தட்டினார், இடுப்பில் தட்டினார், நெஞ்சு உயரத்தில் தட்டினார். எங்கே தட்டினாலும் கனத்த சத்தம். "இன்னாடா சின்னதம்பி, ஊர்லியே பணக்காரன் நீதான் போல" என்றார் கூட வந்த பஞ்சாட்சரம். ஒரு படி கூடத் தரமாட்டேன் என்று அப்பா சொன்னார். ஏன் என்று கவுண்டர் கேட்டதற்கு, "அது என்னுது இல்ல" என்றார். "பின்ன யார்துடா, உள்ள படுத்திருக்கிற எலியுதா?" என்று யாரோ கேட்க, மறுபடி சிரிப்பு. அப்பா குதிருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அளக்காவிட்டால் நம் வீட்டுக்கு ஏரும் இல்லை, ஆளும் இல்லை, நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விதைப்பு பாதியில் நிற்கிறது. அப்பா ஒற்றை ஆள்.

அண்ணா, உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். நீ அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன மறுநாள் காலை, பழக்கத்தில் மூன்று பேருக்கு மூன்று ஆழாக்கு சாமை அளந்துவிட்டேன். திட்டு விழும் என்று பயந்தேன். அப்பா ஒரு ஆழாக்கைக் கையில் வாங்கி, ஏணி வைத்து ஏறி, குதிர் வாய் வழியாகத் திரும்பக் கொட்டினார். "இதே மாதிரியே அள" என்றார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இரண்டு எங்களுக்கு, ஒன்று மேலே. அவன் பேச்சு இந்த வூட்ல கூடாது என்று சொன்னவர், இன்றைக்கும் உன் பெயரைச் சொல்வதில்லை. அதனால்தான் அது உன் பங்கு என்று நேற்று ஊரார் முன்னாலும் சொல்லவில்லை.

நேற்று சுனையில் செல்லி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தானியம் இல்லாமல் ஐந்து பிள்ளைகளுக்கும் காட்டுக்கிழங்கை அவித்துப் போடுகிறார். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. "உங்கப்பனுக்கு மனசு இன்னா கல்லாலியாடி செஞ்சு வச்சிருக்குது?" என்று கேட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இருக்கிறவர்கள் கொடுக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் நானே அள்ளிக் கொடுத்துவிடுவேன். ஆனால் விற்றுக் காசாக்கியவர் இல்லாதவர், தின்ன ஆள் இல்லாமல் மிச்சம் விழுந்த வீடு பணக்கார வீடா? அம்மா இருந்து, நீயும் இருந்திருந்தால் நம் குதிரும் இந்நேரம் எதிரொலிதான் கொடுத்திருக்கும். இதைக் கூட்டத்தில் யாராவது சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லவே எனக்குக் குரல் வராது. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன், இப்போது கவுண்டர் முன்னால் எப்படிப் பேசுவேன்?

மேலே நிற்பது உன் பங்கு. அதைக் கொடுக்க அப்பாவுக்கு மனசு வராது, எனக்கு உரிமை இல்லை. நீ சொல்ல வேண்டும். பாய் வியாழக்கிழமை மிச்ச மூட்டைக்கு மறுபடி வருகிறார். அவரிடம் நாலு வரி எழுதிக் கொடு. செல்லி அக்கா வீட்டுக்கு அளக்கலாம் என்று எழுது. கோபால்சாமி மாமன் வீட்டுக்கு வேண்டாம் என்றும் எழுது. எழுதியதைக் கவுண்டர் முன்னால் படிக்க எனக்குப் பயமில்லை.

ஆனால் கடிதம் எழுதுவதற்குப் பதில் அந்த வண்டியிலேயே நீ ஏறி வந்தால் இன்னும் நல்லது. அப்பா எதுவும் பேசமாட்டார். நீயும் பேச வேண்டாம். தட்டு எடுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும். நாளைக்கும் மூன்றுதான் அளப்பேன்.

உன் கை சீக்கிரம் ஆறட்டும். நம் குதிர் நீ தின்று தீரட்டும்.

உன் தங்கை,
சி. செந்தாமரை