கார்பெட் பெயருக்கு வந்த உறை

பிராட்ஸ்டேர்ஸ், கென்ட்
15 டிசம்பர் 1964

மரியாதைக்குரிய ஹெஸ்கெத் ஐயாவுக்கு,

உங்கள் பழைய குமாஸ்தா பெர்சி டில்லெட் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துவிட்டேன். அதனால் விசாரிப்பை எல்லாம் வீட்டம்மாவுக்கும் பெண்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பழுப்புத் தொப்பியை யாராவது உங்களிடமிருந்து பிடுங்கி ஒளித்து வைத்தால் தேவலை. நாளைக்கு உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் அரசாங்கத்தின் சட்ட அதிகாரி ஆகப்போகிறவர் என்று எழுதுகிறார்கள், படத்தில் மீன் பிடிக்கக் கிளம்பியவர் மாதிரி நிற்கிறீர்கள்.

இங்கே குளிர் அதிகம். என் மனைவி ஐவிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. நான் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து அவளுடைய ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்துக் கொடுக்கிறேனாம். "பன்னெண்டு பாரிஸ்டர மேய்ச்ச கை, சும்மா இருக்காது. நான் ஒருத்திதான் இருக்கேன் பெர்சி, என்னையாவது விடேன்" என்கிறாள். விட்டுத்தான் பார்க்கிறேன். முடியவில்லை.

சனிக்கிழமைப் பத்திரிகையில் உங்கள் பேட்டியைப் படித்தேன். வருகிற திங்கட்கிழமை தூக்குத் தண்டனையை ஒழிக்கும் மசோதா அவைக்கு வருகிறது, அதை எதிர்த்து நீங்கள் பேசப் போகிறீர்கள், லென் பாஸ்க் வழக்கைச் சொல்லப் போகிறீர்கள் என்று இருந்தது. நீங்கள் அந்த அவையில் எழுந்து நிற்பதற்கு முன் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

அந்த வழக்குக் கட்டு முதலில் உங்களுக்கு வந்ததே இல்லை, ஞாபகமிருக்கிறதா? வழக்கைத் தயாரித்த தார்ன்ஹம் ஊர் சொலிசிட்டர் அதை நம் அலுவலகத்தின் இன்னொரு பாரிஸ்டரான திரு. கார்பெட்டுக்குத்தான் அனுப்பினார். கார்பெட்டுக்கு அதே வாரத்தில் வேல்ஸில் பெரிய வழக்கு இருந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு கோர்ட்டைக் குறித்து வைத்தவன் நான்தான். திங்கட்கிழமை மதியம் அவர் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதி, கட்டை உங்கள் தலையில் கட்டினேன். உங்களுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கொலை வழக்கு நடத்தியதே கிடையாது. "டில்லெட், புதன்கிழமை விசாரணை. ஒரு மனுஷனோட உசுரு. என்னால முடியுமா?" என்று கேட்டீர்கள். முடியும் என்றேன்.

லென் பாஸ்க் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். தான் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா கொலையான நேரத்தில், தான் ஆறரை மணிப் படகில் இருந்ததாகவும், கோட்டுக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்திருந்ததாகவும், டிக்கெட் கொடுத்த பெண் அதைத் தடவிக் கொடுத்ததாகவும். அந்தப் பெண் வேலையை விட்டு ஊர் மாறிப் போயிருந்தாள், தேடிக் கிடைக்கவில்லை என்று கட்டில் எழுதியிருந்தது. அரசு வக்கீல் அந்த நாய்க்குட்டியை வைத்து ஜூரியைச் சிரிக்க வைத்தார். அதற்குப் பிறகு உங்களால் என்ன செய்ய முடியும்?

அவள் கிடைத்துவிட்டாள், ஐயா. வழக்குக்கு இரண்டு நாள் முன்பே கிடைத்துவிட்டாள். சொலிசிட்டர் அவளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்கி, உடனே நம் சேம்பர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். கட்டு கைமாறியது அவருக்குத் தெரியாது. உறையின் மேல் திரு. கார்பெட் பெயரைத்தான் எழுதினார். நீங்கள் ரயிலேறிய பிறகு, செவ்வாய்க்கிழமை, அது என் கைக்கு வந்தது.

ஒருவர் பெயருக்கு வந்த தாளை அவர் சொல்லாமல் இன்னொருவர் பிரிக்கக் கூடாது, இன்னொருவரிடம் கொடுக்கவும் கூடாது. அந்த விதியை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். தார்ன்ஹம் முத்திரையைப் பார்த்தேன். கட்டைத் திருப்பிவிட்டதற்குச் சொலிசிட்டர் சண்டைக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன். வேல்ஸுக்கு அனுப்பலாம் என்றால், கார்பெட் கிளம்பும்போதே, "யாரு செத்தாலும் சரி டில்லெட், ஒரு கடுதாசி எனக்கு அங்க வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உறையை அவருடைய தபால் தட்டில் வைத்தேன். அது ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. தினமும் காலையில் அதன் மேல் தூசி தட்டியிருக்கிறேன்.

சொலிசிட்டர் அதை அனுப்பிய கையோடு நிமோனியாவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. விசாரணை அன்று உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய ஆளுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெண், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, தேவையென்றால் கூப்பிடுவார்கள் என்று இருந்திருப்பாள். தீர்ப்புக்குப் பிறகு அப்பீலும் போயிற்று, கருணை மனுவும் போயிற்று. வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு லென் பாஸ்க்கைத் தூக்கில் போட்டார்கள். கார்பெட் திரும்பி வந்தது மறுநாள்.

அவர் படித்தார். என் மேஜைமேல் போட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஹெஸ்கெத்துக்குத் தெரிஞ்சா அவன் இந்த கவுன திரும்பப் போட மாட்டான்" என்றார். உங்களுக்காகத்தான் சொன்னார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீங்களோ அப்போதே பாதி ஆளாகிவிட்டிருந்தீர்கள். மூன்று மாதம் எல்லை வழக்கும் வாடகை வழக்குமாகப் பார்த்துப் பார்த்து உங்களுக்குக் கொடுத்தேன். நல்ல குமாஸ்தா என்று என்னை எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆல்டர்விக் தொகுதிக் கூட்டம். வேட்பாளராகப் பதினொரு பேர் நின்றார்கள். மேடையில் உங்கள் வீட்டம்மாவை உட்கார வைத்து, கையுறையிலிருந்து காலணிவரை அந்தக் கட்சிப் பெண்மணிகள் பார்த்த பார்வை இருக்கிறதே, மாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். என்னையும் நீங்கள் கூட்டிப் போயிருந்தீர்கள், கடைசி வரிசையில் இருந்தேன். தூக்கைப் பற்றி ஒருவர் கேட்டார். நீங்கள் எழுந்து, "நான் காப்பாத்த முடியாத ஒரு ஆளத் தூக்குல போட்டாங்க. அந்தக் கட்டுல இருந்த ஒவ்வொரு தாளையும் படிச்சவன் நான். சட்டம் தப்புப் பண்ணல" என்றீர்கள். கூட்டமே எழுந்து நின்றது. அந்த ஒரு வாக்கியம்தான் உங்களை எம்.பி. ஆக்கியது. பத்து வருஷமாக அதையே எல்லா ஊரிலும் சொல்லி வருகிறீர்கள். சட்டம் தவறவில்லை என்றால்தான் நீங்களும் தவறவில்லை என்று நினைக்க முடியும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று நானும் கை தட்டினேன், ஐயா.

கார்பெட் நீதிபதியாகி, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் கேட்க ஆளில்லை. இதைச் சொன்னால் உங்கள் கட்சி உங்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. திங்கட்கிழமை வேறு எதை வேண்டுமானாலும் பேசுங்கள். எல்லாத் தாளையும் படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

என்றும் உங்கள் பணியாள்,
பெ. டில்லெட்


பிராட்ஸ்டேர்ஸ்
19 ஜனவரி 1965

ஐயா,

நான் எழுதிய வாரம் வெள்ளிக்கிழமையே உங்கள் இரண்டு வரிப் பதில் வந்தது. "காகிதம் கிடைத்தது. கோர்ட்டில் நின்றவன் நான், பொறுப்பும் என்னுடையது. நீங்கள் இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்." நூறு தடவை படித்திருப்பேன். கோபமாக ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மசோதா வந்த அந்தத் திங்கட்கிழமை நான் லண்டன் வந்தது உங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து வரிசையில் நின்று பார்வையாளர் மாடத்தில் இடம் பிடித்தேன். நீங்கள் எழுந்ததும் உங்கள் கட்சிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். நீங்கள் இடது காதைத் தேய்த்துக்கொண்டீர்கள். வழக்கு நம் பக்கம் இல்லாதபோது செய்வீர்களே, அதே மாதிரி. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பத்து வருஷமா உங்ககிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்திருக்கேன். பொய்னு தெரியாமத்தான் சொன்னேன். அந்த வழக்குல ஒரு தாள் இருந்துச்சு. அத நான் படிக்கல. நான் கேட்டு வாங்கியிருக்கணும், வாங்கல. அதப் படிச்சிருந்தா அந்த மனுஷன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார்" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு. உங்கள் பின்னாலிருந்து ஒருவர், "பாரிஸ்டர் வேலைய விட்டுட்டு ஏன் இங்க வந்தீங்கன்னு இப்பல்ல புரியுது" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பின்போது, மசோதாவுக்கு ஆதரவானவர்கள் போகிற வாசலுக்கு நீங்கள் தனியாக நடந்து போனீர்கள். மாடியிலிருந்து உங்கள் உச்சந்தலை தெரிந்தது. முடி கொட்டிவிட்டது. நான் அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில்தான் படித்தேன். அடுத்த தேர்தலுக்கு வேறு ஆளைப் பார்ப்பது என்று ஆல்டர்விக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். தலைவி திருமதி வின்டர்போர்ன், "நம்ம தோள்ல ஏறி நின்னுட்டு நம்ம தலையிலயே மிதிச்சிட்டுப் போறாரு. ஒரு தாளப் படிக்கத் துப்பில்லாதவர் சட்டம் போட வந்துட்டாரு" என்றாளாம். அந்தப் பெண்மணி வீட்டில் நீங்கள் எத்தனை தேநீர் விருந்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்திருப்பீர்கள்! சட்ட அதிகாரி பதவிக்கு வேறு ஒருவர் பெயர் அடிபடத் தொடங்கிவிட்டது. வக்கீல் சங்கமும் உங்களை விசாரிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டேன். தாள் எப்படிக் காணாமல் போனது என்று கேட்டதற்கு, கவனக்குறைவு என்று மட்டும் பதில் எழுதினீர்களாம். யாருடைய கவனக்குறைவு என்று எழுதவில்லை.

இவ்வளவையும் தாங்கிக்கொள்வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாதது ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. லென் பாஸ்க்கின் தங்கை எட்னாவைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, பதினைந்து வருஷமாக வேறு ஊரில் வேறு பெயரில் இருந்திருக்கிறாள். நீங்கள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டீர்கள் என்றும், அவள் கதவைத் திறக்கவில்லை என்றும், நீங்கள் ஒரு மணி நேரம் மழையில் நின்றீர்கள் என்றும் எழுதியிருந்தது. "எங்கண்ணன் கடைசி கடுதாசியில, வக்கீல் சார் ரொம்ப நல்லவரு, அவர ஏதும் சொல்லாதேன்னு எழுதியிருந்தான். அந்த ஆளு ஒரு தாளப் படிக்காமதான் அவன அனுப்பி வெச்சிருக்காரு. சாகிற வரைக்கும் நான் அவர மன்னிக்க மாட்டேன்" என்று அவள் சொன்னதாகப் போட்டிருந்தது.

ஐவியிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அவள் என்னை இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். கடைசியில், "அப்ப அவர் எதுக்குய்யா மழையில நின்னாரு?" என்றாள். நேற்று காலையில் என் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள்.

ஐயா, முப்பத்தெட்டு வருஷ வேலையில் ஒரு பாரிஸ்டரின் வழக்கைப் பற்றி அவர் சொல்லாமல் வெளியில் வாய் திறந்தது கிடையாது. நீங்கள் பேச வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரி என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. அன்பினால்தான் கட்டினீர்கள் என்று தெரிகிறது. எழுபத்தொரு வயசுக் கிழவனை ஊர் பேசக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஒருகாலத்தில் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

எனக்கு இந்த இரக்கம் வேண்டாம், ஐயா. எட்னா பாஸ்க் இருக்கும் தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். கதவைத் தட்டுவேன். திறக்காவிட்டால் வெளியிலிருந்தே, நிற்பது யார், செய்தது என்ன என்று சொல்லிவிட்டு வருவேன். பிறகு வக்கீல் சங்கத்துக்கும் போவேன். உங்கள் பதவியை அது திருப்பித் தராது. அவள் அண்ணன் நல்லவர் என்று சொன்னவரை அவள் வெறுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். போ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அந்த அம்மா என்னைச் சபிக்கட்டும்.

உங்கள்,
பெர்சி டில்லெட்