பூட்டிய வீட்டுக்கு ஒரு சோதனை

இன்று காலை மடிக்கணினியைத் துடைத்தபோது ‘எஃப்’ எழுத்தின் மேல் உன் விரல் கறை அப்படியே இருந்தது. முந்திரிக்கொட்டை உடைத்த கையோடு வந்து தட்டித் தட்டி ஏறிய கறுப்பு. போகவில்லை, போக வேண்டாம். அதே எழுத்தில் தொடங்கும் கட்டளையைத் தட்டித்தான் நம் நிரலுக்குச் சோதனையை ஓட்டினேன். பதினொரு சோதனையும் பச்சை, எல்லாமே தேறிவிட்டன! மாதாவே என்று கத்தியே விட்டேன்.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, நம் தெருவில் வீடு வீடாகப் போகும். முறைப் பட்டியல் என் நோட்டில். ஒரு வருடம் எதிர்வீட்டு லூர்து அக்கா எல்லார் முன்னாலும், “நோட்டும் ஒன் கையில, பேனாவும் ஒன் கையில. எங்க வூட்டு முறை கடைசிக்குப் போவாம என்ன பண்ணும்?” என்றார். மளிகைக் கணக்கில்கூட அடித்தல் திருத்தல் வைக்காதவள் நான். அழுதுவிட்டேன்.

“அழுவாதக்கா. யாருமே அடிச்சு எழுத முடியாத நோட்டு ஒண்ணு இருக்காம், வீடியோல பாத்தேன்” என்றாய் பக்கத்து வீட்டிலிருந்து வந்த நீ.

பிளாக்செயின் என்ற பெயரையே அன்றுதான் கேட்டேன். அதில் ஓர் ஒப்பந்தத்தை, அதாவது தானே நடக்கும் விதிகளை நிரலாக எழுதி, ஏற்றினால் ஏற்றியதுதான். எழுதியவளே மாற்ற முடியாது. ஆகவே முன்னதாகச் சோதிக்க வேண்டும். எதை வைத்துச் சோதிப்பது என்பதில்தான் நமக்குச் சண்டை. எனக்கு ரீமிக்ஸ் போதும்; பிரவுசரில் திறந்தால் வேலை நடக்கும். உனக்கு ஃபவுண்ட்ரி வேண்டும்; ஒப்பந்தத்தின் மொழியிலேயே சோதனையும் எழுதலாம், எங்கே உடைகிறது என்று கண்ட எண்ணையும் எறிந்து பார்க்கும்.

“நீ நல்லவங்கள மட்டும் வச்சு சோதிக்கிறக்கா. வம்பு புடிச்சவங்களயும் உள்ள வுடு.”

“மாதா வந்த வூட்ல எவடி வம்பு பண்ணுவா?”

என் பேச்சே ஜெயித்தது. சுரூபம் இருக்கும் வீட்டார் ‘கொடுத்துவிட்டேன்’ என்று அழுத்தினால்தான் முறை நகரும் என எழுதி, நிஜ வலைக்கு முன்னால் பழகிப் பார்க்கும் பரீட்சை வலையில் ஏற்றினோம். தெருவே செல்போனில் அழுத்திப் பழகியது. உன் முறை வந்த வாரத்தில் உன்னைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துச் செல்போனில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மாதா உன் வீட்டிலேயே நிற்கிறாள்! அழுத்த நீ இல்லை. உன் ரகசியச் சொல்லும் உன்னோடு போய்விட்டது. வம்பே பண்ணாத ஒருத்தியால் எல்லாம் நின்றிருந்தது. நிஜ வலையாக இருந்தால் நின்றது நின்றதுதான்.

அன்றே ஃபவுண்ட்ரியை நிறுவினேன். மூன்று நாள் பிழைச் செய்திகளோடு மல்லுக்கட்டு. முதல் சோதனை, பூட்டிய வீடு: இரண்டு நாள் அசைவில்லை என்றால் அடுத்த வீடே எடுத்துக்கொள்ளலாம். ஃபவுண்ட்ரியில் கடிகாரத்தை ஒரே வரியில் முன்னே தள்ளலாமடி, இரண்டு நாள் காத்திருக்கவே வேண்டாம், என்ன சந்தோஷம் தெரியுமா! முறை வருமுன் கை நீட்டும் வீட்டையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒப்பந்தம் விரட்டிவிட்டது.

இன்று மாலையில் லூர்து அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிஜ வலையில் ஏற்றினேன்.

“இனிமே நீயே நெனச்சாலும் மாத்த முடியாதா?”

“முடியாதுக்கா.”

“அப்ப சரி.” விரலால் திரையில் வீடுகளை எண்ணினார். “அந்தப் புள்ள வூட்ட பட்டியல்லேர்ந்து எடுத்துட்டியா?”

எடுக்கவில்லை. நான்காவதாக இருக்கிறாய். உன் முறையன்று உன் வாசலில் நின்று ஜெபமாலை சொல்வோம். இரண்டு நாள் பொறுத்து, அடுத்த வீட்டுக்காரி நானே அழுத்துவேன். வருடா வருடம் இப்படித்தான். இதை இனி யாரும் மாற்ற முடியாது, நானும்கூட.