சிவப்பு வட்டம் போட்ட கிணறுகள்

ஆரையம்பதி,
08.09.2007

அன்புள்ள மகள் தக்ஷாயினிக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கந்தசாமியை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகத்தைப் பற்றி மட்டும் கேட்காதே. தம்பி உதயரூபனின் விசயத்தைப் போனில் சொல்லப் பயம், அதனால்தான் கொழும்புக்குப் போகிறவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சுனாமியில் உப்பாகிப்போன கிணறுகளைத் திருத்துகிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தம்பியை மட்டக்களப்புக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. பதில் சொன்னால் மட்டும் போதாதாம், பிரசன்டேசன் செய்து காட்ட வேண்டுமாம். கம்ப்யூட்டருக்கு எங்கே போவது, பெரிய டிமைத்தாளில் நம் ஊரிலிருந்து தேற்றாத்தீவு வரை கடற்கரையைக் கீறி, பழுதான கிணறுகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டான். அப்பா வெள்ளைக்காரர் மாதிரிக் கால்மேல் கால் போட்டிருந்து கேள்வி கேட்டார், தெரிந்த இங்கிலீஷ் முடிந்ததும் கதிரையிலேயே தூங்கிவிட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் தாளைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கும் வட்டம் போட்டிருந்தான். அங்கே இப்போது ஆமி கேம்ப், ஆனால் நமக்கு அது இன்னும் பள்ளிக்கூடம்தானே, ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

மட்டக்களப்புக்குப் போகிற வழியில் ஆமி சென்றியில் மறித்துத் தாளை விரித்த பாவிகள் கேம்ப் இருக்கிற இடத்தில் வட்டத்தைக் கண்டதும் பிள்ளையைத் தலைமயிரில் பிடித்து ஓட்டோவிலிருந்து இழுத்துப் போட்டார்களாம். துவக்குப் பிடியால் இடித்ததில் முன்பல் இரண்டும் போய்விட்டது. குண்டு வைக்கவா வட்டம் போட்டாய் என்று கேட்டுக் கேட்டு, வட்டம் போட்ட வலது கையைத் தாரில் வைத்துச் சப்பாத்தால் மிதித்திருக்கிறார்கள், அந்தக் கால்கள் புழுத்துப்போக. ஓட்டோக்கார அஹமட், தம்பி அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற காத்தான்குடிக்காரன், அது கிணறு ஐயா, கிணறு என்று சிங்களத்தில் சொல்லிக் காலில் விழுந்தானாம், அவனுக்கும் அடி. கடைசியில் தாளைக் கொளுத்திவிட்டு இரண்டு பேரையும் துரத்திவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்புவோம் என்று அஹமட் கெஞ்ச, நேரம் போகுது, நீங்க ஓட்டுங்க காக்கா என்றானாம் இவன். அஹமட் கழற்றிக் கொடுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு போய், நிறுவனத்துக்காரரிடம் சுவரில் வெறுந்தாள் ஒட்டச் சொல்லி, இடது கையால் கடற்கரை முழுவதையும் மறுபடி கீறியிருக்கிறான். பள்ளிக்கூடத்துக் கிணற்றையும் விடவில்லை. வாயெல்லாம் இரத்தம், பேசியதில் பாதி அவர்களுக்கு விளங்கியிருக்காது.

பின்னேரம் வாசலில் வந்து நின்று, வேல கிடைச்சிட்டும்மா என்றான். வீங்கின முகத்தில் சிரிப்பு வேறு. எனக்கு என்ன பேய் பிடித்ததோ மகள், அந்தக் கன்னத்திலேயே ஓங்கி அறைந்துவிட்டேன். உயிரோடு வந்த பிள்ளையை, பெற்ற நான். அவன் நசிந்த கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான். சென்றியிலும் இப்படித்தான் தூக்கியிருப்பான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறான், அதே சென்றி வழியாகத்தான். மறித்தால் கேட்கமாட்டான், வீட்டில் வைத்திருந்தாலும் வெள்ளை வான் வண்டியில் வந்து பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராது, கந்தசாமி பார்த்துக்கொள்வான். போன் எடுக்கும்போது மற்றதொன்றும் கேட்காமல் தம்பிக்கு வாழ்த்து மட்டும் சொல்லு மகள், நான் இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா,
இலட்சுமிப்பிள்ளை