அன்று சொல்லாமல் விட்ட பெயர்

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் உன் சுகத்துக்குக் கர்த்தர் துணை இருக்கட்டும். சுகம் என்று எழுதவே இப்போதெல்லாம் கை கூசுகிறது. போனில் சொல்லலாம்தான், நீ பாதியிலேயே அழாதேம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடுதாசி. அப்பாவுக்கு முட்டுவலி தேவலை, மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு விழுங்கிவிட்டேன் என்கிறார்.

ஆடி மாதம் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடித்த அன்று, உபவாச ஜெபத்துக்குப் போனதால் தப்பித்தேன் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அதில் பாதிதான் உண்மை. தீபாவளி சீசனில் மருந்து செலுத்துகிற ரூமில் ஒரு ஆள் குறைந்தாலும் போர்மேன் லீவு தரமாட்டார். முந்தின நாள் சாயங்காலம், பேக்கிங்கில் இருந்த நம் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி மகள் இசைவாணியிடம் நான்தான் கெஞ்சினேன், ஒரு நாள் எனக்குப் பதிலாக உட்காரு தாயி என்று. அதுக்கென்ன பெரியம்மா என்று சிரித்துக்கொண்டே போனாள். இருபத்திரண்டு வயது எழில். துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள், பெற்றவளுக்குக்கூட முகத்தைக் காட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆறுதலாக இருக்குமே என்று முத்துப்பேச்சியை நம் சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். பாவம், பழக்கமில்லாத இடம், சேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் போதகர் ஐயா என்னைப் பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். நானும் எழுந்து, உபவாசம் இருந்தேன், கர்த்தர் என்னை நெருப்புக்குத் தப்புவித்தார் என்று சத்தமாகச் சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன். சபையே அல்லேலூயா என்றது. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கூட்டிவந்து உட்கார வைத்து, அவள் காதுபட என் உயிருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், என்ன புத்தி எனக்கு. அன்றிலிருந்து முழங்கால் போட்டால் ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நாலு மாதம் இப்படியே போனது. இராப்போஜன அப்பமும் ரசமும் எடுக்கவும் போகவில்லை, அப்பாவிடம் தலைவலி என்று பொய் சொன்னேன். தீபாவளியன்று முத்துப்பேச்சி பட்டப்பகலில் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தாள், தட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாட்சிக்கு எழுந்தேன். நான் கேட்டுக்கொண்டதால்தான் இசைவாணி என் இடத்தில் உட்கார்ந்தாள், அதை உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை, போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கிருந்து நேரே முத்துப்பேச்சி வீட்டுக்குப் போய் அவளிடமும் அதையே சொன்னேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. மொத நாளே அவ எங்கிட்டச் சொல்லிட்டா அக்கா, எனக்குத் தெரியும், அன்னைக்கு நீங்க எந்திரிச்சப்போ அவ பேரைச் சொல்லுவீகன்னு காத்துக்கிட்டு இருந்தேன், நீங்க சொல்லல என்றாள். அம்புட்டுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை உருவினேன். போ என்று அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம்தான் எனக்கு ஜெபம் வந்தது. முக்கால்வாசி அழுகை. மன்னிப்புக் கிடைத்ததா என்று தெரியாது, கேட்க முடிந்தது, அது போதும் இப்போதைக்கு.

டூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன் கூடவே இருந்து, ஒரு குறையும் இல்லாமல் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா தப்பித்த அதிசயத்தை உங்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னேன் என்றாயே, அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் இன்னொரு தரம் எழுந்து நின்று, இசைவாணி என்று அவள் பெயரைச் சொல்லிவிடு.

உன் அம்மா
செல்லக்கனி