யாழினி நடப்பதற்குப் போட்ட புல்

ருவைஸ், அபுதாபி
மார்ச் 14

அன்புள்ள ரக்ஷிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கே நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் யாழினிக் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா பேப்பரில் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் பேத்தி படம் வந்திருக்கிறதா என்று என் ஃபோனை என்னைவிட அதிகமாக அவர்தான் நோண்டுகிறார். பக்கத்து வீட்டு சந்தியா நாளை மறுநாள் உங்கள் டொரன்டோவுக்குத் தன் அக்காவைப் பார்க்கப் போகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் அப்பா டியூட்டியில் இருந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய், மாப்பிள்ளைக்குப் புது வேலை, லீவு கேட்க முடியாது, அதனால் ஏப்ரலில் இங்கே வரவில்லை, ஆகஸ்டில் நேராகத் திருச்சிக்கே வந்துவிடுகிறோம், அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றாய். நான் இன்னும் சொல்லவில்லை, ரக்ஷி. சொல்லலாம் என்று வாசலுக்கு வந்தால் அவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார், நான் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். ஏப்ரலில் குழந்தை நடக்க ஆரம்பிக்கும், வாசலில் கிடக்கிற ஜல்லியில் அது எப்படிக் கால் வைக்கும் என்று அவருக்குக் கவலை. ஜூனில் சர்வீஸ் முடிந்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிற மனிதர், லீவு நாளெல்லாம் குனிந்து ஜல்லியை அள்ளிப் போட்டுவிட்டு, உப்பில்லாத மணலும் எருவும் கொண்டுவந்து கொட்டி நிரவினார். புல்லைப் பாய் மாதிரி சுருட்டி விற்கிறார்களே, வாங்கி விரித்தால் ஒரே நாளில் முடிந்தது என்றேன். ஒட்டின புல்லு வேற, முளைச்ச புல்லு வேற என்றார். அதற்கு மேல் அவரிடம் யார் பேசுவது?

விதை போட்ட கதையைக் கேள். பிப்ரவரியில் காற்றில்லாமல் நல்ல இளவெயில் அடித்த நாட்கள் இருந்தன, காலனித் தோட்ட வேலை பார்க்கிற ஷம்சாத் பாய் இப்போதே போட்டுவிடுங்கள் என்று தினமும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கேட்கவில்லை, திருச்சியிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைப் புரட்டி, விதைக்கு மேல்நோக்கு நாள்தான் வேண்டும் என்று காத்திருந்தார். அந்த நல்ல நாளும் வந்தது, காற்றும் வந்தது. ஹவா பஹுத் ஹை, கல் டாலோ, காற்று அதிகம், நாளைக்குப் போடுங்கள் என்று பாய் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினார், அப்பா நாள் தவறக் கூடாது என்று தூவியே விட்டார். ராகியைவிடப் பொடி விதை, கையை விட்டதும் பறந்தது. இப்போது சந்தியா வீட்டுக் கார் நிற்கிற இடத்தில் கல் இடுக்கெல்லாம் புல் தளதளவென்று இருக்கிறது, நம் வாசலில் அங்கங்கே சொட்டை. முளைத்ததையாவது மைனா கொத்தாமல் காப்பாற்ற வேண்டும் என்று என் சுங்குடிப் புடவைகளை எடுத்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். ஊருக்குப் பெட்டி கட்டுவதற்கு நான் மடித்து வைத்திருந்தவை அவை. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. முப்பது வருஷத்துச் சாமானில் எதை எடுப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்று தனியாக நின்று இடுப்பு விட்டுப் போகிறது, அதோடு நீ கொடுத்த இந்த ரகசியத்தையும் சுமக்க என்னால் ஆகவில்லை. நீயே அவரிடம் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று காலையில் அப்பா மறுபடியும் சொட்டை விழுந்த இடத்தில் விதை தூவ உட்கார்ந்தார், உட்கார்ந்தவருக்கு முட்டி பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போதும் விடுங்க, அவங்க ஏப்ரல்ல வரல, ஆகஸ்ட்டுல நேரா திருச்சிக்கே வராங்களாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த மிச்ச விதையைத் தூவி முடித்தார். ஆகஸ்ட்டுல பாப்பாவுக்கு எத்தனை மாசம் ஆகும் என்று கேட்டார், பதினாறு என்றேன். அப்ப ஓடிட்டுல்ல இருப்பா என்றார். விதை மேல் மண்ணை நிரவிக்கொண்டே, ரக்ஷி நடக்க ஆரம்பிச்சப்ப எனக்கு பிளான்ட்டை நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஷட்டவுன் டியூட்டி, நான் வரும்போதும் தூங்கிட்டிருப்பா, கிளம்பும்போதும் தூங்கிட்டிருப்பா, அது முடிஞ்சு பார்த்தா ஓடிட்டிருந்தா என்றார். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, குழாயைத் திறந்து புதிதாகப் போட்ட இடத்தை நனைத்தார். இத்தனை வருஷத்தில் இதை ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன்.

அதனால் அப்பாவிடம் சொல்கிற வேலை உனக்கு இனி இல்லை. மாப்பிள்ளையைச் சங்கடப்படுத்தாதே, அவர் வேலை முக்கியம். ஆனால் நீயும் குழந்தையும் மட்டும் ஒரு வாரம் வந்து போக முடியுமா என்று யோசித்துப் பார். ஜூனுக்குப் பிறகு நமக்கு இங்கே விசா இல்லை, நீ வளர்ந்த இந்த வாசலில் நம்மில் யாரும் நிற்க முடியாது. எனக்கே அது தாங்காமல்தான் புல்லைச் சாக்கு வைத்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சந்தியாவிடம் பருப்புப் பொடியும் சத்துமாவும் கொடுத்திருக்கிறேன், மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துக் கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, ஃபோனில் பார்க்கும்போது கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கிறது.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் மனநிறைவோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே. உனக்கு எழுதுகிறேன் என்றதும் அப்பா ஒரு விஷயம் சேர்க்கச் சொன்னார். வர முடியாமல் போனால், பாப்பா கையை விட்டு நடக்கிற அன்றைக்கு வீடியோ எடுத்து அப்புறம் அனுப்ப வேண்டாமாம், அந்த நிமிஷமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். பிளான்ட்டுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது, உனக்குத்தான் தெரியுமே, அதனால் கண்ட்ரோல் ரூம் நம்பரை எழுதச் சொன்னார். உனக்கு நூற்றுநான்கு டிகிரி காய்ச்சல் அடித்தபோதுகூட அந்த நம்பருக்குக் கூப்பிடாதே என்று என்னிடம் சொன்ன மனிதர். எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் கூப்பிடச் சொல்லு, நான் எந்திரிச்சு வந்து எடுக்கிறேன் என்றார். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
பத்மா கோபாலசாமி