மூடியில் ஒட்டிய தேதி

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் பஸ் டிரைவரிடம், "அவ கையிலயே குடுத்துடுங்கண்ணே" என்று சொல்லி இதை மலைக்கு அனுப்புகிறேன். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

வெள்ளிக்கிழமை விவாகரத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடக் காரில் மலையிறங்கி வராதே.

"ஊரான் வண்டியெல்லாம் பாக்குறீங்க, நம்ம வண்டிக்கு பிரேக் ஆயில் எப்போ மாத்துவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் வாயை அடைக்கத்தான், மாற்றிவிட்டதாக ஆயில் டப்பா மூடியில் தேதி எழுதி ஒட்டினேன். மாற்றவில்லை. குறைந்தபோது மேலே கொஞ்சம் ஊற்றினேன், அவ்வளவுதான். நாலு வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மெக்கானிக் நான்.

அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, உள்ளே சேர்ந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பின் சீட்டில் பாப்பா இருப்பாள்.

"இதுவும் தள்ளிப்போடுற சாக்கா?" என்பாய். போன தடவை காய்ச்சல், அதற்கு முன் முதுகுவலி என்று சொன்னவன்தானே நான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில், சீல் உடைக்காத புது டின்னோடு வருகிறேன். உன் வாசலிலேயே மாற்றித் தருகிறேன். பத்திரத்தை எடுத்து வை. கையைத் துடைத்துக்கொண்டு முதலில் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரை சாவியைத் தொடாதே.

பொய்த் தேதி எழுதியவன்